மியூவான் ஜி-2: அந்த 4.2 சிக்மா எங்கே போயிற்று?

கேள்வி கேட்டவர் எழுதியிருந்ததன் சாரம் இது: 2021 ஏப்ரலில் மியூவான் என்ற துகள் இயற்பியல் விதிக்கு அடங்கவில்லை, நமக்குத் தெரிந்த நான்கு விசைகளுக்கு மேல் ஐந்தாவது விசை ஒன்று கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று ஊரெல்லாம் செய்தி, கோட்பாட்டுக்கும் அளவீட்டுக்கும் வித்தியாசம் 4.2 சிக்மா (பிழை வரம்பைப் போல 4.2 மடங்கு), தற்செயலாக இப்படி வர 40,000-ல் ஒரு வாய்ப்புதான் என்றும் சொன்னார்கள். 2025-ல் பார்த்தால் பழைய கோட்பாடே சரி, வித்தியாசமெல்லாம் ஒன்றுமில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அப்போது பொய் சொன்னார்களா, இப்போது மழுப்புகிறார்களா, நடுவில் செலவான பணம் என்ன ஆயிற்று? கொஞ்சம் கோபமாகவே கேட்டிருக்கிறார், ஆனால் கேள்வி நியாயமானதுதான். அதற்குள் ஒளிந்திருக்கும் உண்மையான கேள்வி, எனக்குப் புரிந்தவரை, இது: 40,000-ல் ஒன்று என்று சொல்லிவிட்ட ஒரு விஷயம் எப்படிக் காணாமல் போக முடியும்?

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். துகள் இயற்பியலில் கோட்பாட்டுப் பக்கம் ஆய்வு செய்தேன், அப்புறம் கல்லூரியில் பாடம் எடுக்க வந்துவிட்டேன். இந்தச் சோதனையில் எனக்கு எந்தப் பங்கும் கிடையாது. கீழே வரப்போகும் லேட்டிஸ் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் கணக்குகளை உள்ளே புகுந்து சரிபார்க்கும் தகுதியும் எனக்கு இல்லை. அந்தத் துறைக்காரர்கள் எழுதுவதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குத்தான் பயிற்சி. அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில் வேண்டுமென்றால் நாலு எண்கள் போதும். சண்டை நடப்பது 0.0011659 என்று தொடங்கும் ஓர் எண்ணைப் பற்றி. அதுவரை எல்லோரும் ஒரே கட்சிதான். அதற்கு அடுத்து வரும் நான்கு இலக்கங்களில்தான் தகராறு. 2021-ல் கோட்பாடு சொன்னது 1810, அளந்து கண்டது 2061. 2025-ல் கோட்பாடு சொல்வது 2033, அளந்தது சராசரியாக 2071.5. இதை இரண்டு தடவை பாருங்கள். நான்கு வருஷத்தில் அளவீடு சுமார் பத்து நகர்ந்திருக்கிறது, அதுவும் அதன் பிழை வரம்புக்குள்ளேயே. கோட்பாட்டு எண் 223 நகர்ந்திருக்கிறது. ஆக, சோதனைக்காரர்கள் சொன்னதில் எதுவும் மாறவில்லை. அவர்கள் எதனுடன் ஒப்பிட்டார்களோ அதுதான் மாறியது. மீதிக் கதையெல்லாம் அந்த 223 எங்கிருந்து வந்தது என்பதுதான்.

எண் என்ன எண் என்று முதலில் பார்த்துவிடலாம். மியூவான் என்பது எலெக்ட்ரானைப் போலவே மின்னூட்டம் கொண்ட, ஆனால் 207 மடங்கு எடையுள்ள, 2.2 மைக்ரோ வினாடியில் சிதைந்துபோகும் துகள். அதற்கு ஒரு தற்சுழற்சி உண்டு, ஆகவே ஒரு குட்டிக் காந்தம் போலவும் நடந்துகொள்ளும். காந்தப்புலத்தில் வைத்தால் தலை சாய்ந்த பம்பரம் மாதிரி அச்சு வட்டமடிக்கும். எவ்வளவு வேகமாக வட்டமடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் ஜி. டிராக் 1928-ல் எழுதிய சமன்பாட்டின்படி அது சரியாக 2. ஆனால் வெற்றிடம் என்பது சும்மா கிடப்பதில்லை. துகள்கள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும், அவை மியூவானைச் சற்றே தொட்டுப் போகும். அதனால் 2-க்குக் கொஞ்சம் மேலே போகிறது. அந்தக் கொஞ்சத்தின் முதல் பங்கை 1948-ல் ஷ்விங்கர் கணக்கிட்டார், 0.00116 என்று வந்தது. ஜி-யிலிருந்து 2-ஐக் கழித்துப் பாதியாக்கினால் வருவதுதான் நாம் பேசும் எண். நமக்குத் தெரியாத கனமான துகள் ஏதாவது வெற்றிடத்தில் இருந்தால் அதுவும் இந்த எண்ணில் தன் கைவரிசையைக் காட்டியாக வேண்டும். அந்தக் கைவரிசை, நாம் அளக்கும் துகளின் எடையின் வர்க்கத்தில் கூடும் என்பதால் மியூவானில் எலெக்ட்ரானைவிட சுமார் 43,000 மடங்கு அதிகம் தெரியும். எல்லோரும் மியூவானைப் பிடித்துக்கொண்டு தொங்குவது இதனால்தான்.

அளப்பது எப்படி? இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் லாங் ஐலண்டில் இருக்கும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் 1990-களில் ஒரு பெரிய காந்த வளையம் கட்டினார்கள், மியூவான்கள் ஓடும் பாதையின் விட்டம் 14 மீட்டருக்குச் சற்று அதிகம், காந்தப்புலம் 1.45 டெஸ்லா. அங்கே 2001 வரை அளந்ததில்தான் முதல் சந்தேகம் எழுந்தது. இன்னும் துல்லியமாக அளக்க வேண்டுமென்றால் மியூவான்கள் ஏராளமாக வேண்டும், அது சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாப் முடுக்கியில்தான் கிடைக்கும். வளையத்தை அங்கே கொண்டுபோக வேண்டும். இரும்புப் பகுதியைக் கழற்றிவிடலாம், ஆனால் உள்ளே இருக்கும் மீகடத்திக் கம்பிச் சுருளை வெட்ட முடியாது, சில மில்லிமீட்டர் முறுக்கினாலே பாழ். ஆகவே 2013 கோடையில் அந்த 15 மீட்டர் வளையத்தை முழுசாகப் படகில் ஏற்றி, அட்லாண்டிக் கரையோரமாகத் தெற்கே இறக்கி, புளோரிடாவைச் சுற்றி, பிறகு ஆறுகள் வழியாக மறுபடி வடக்கே ஏற்றி, கடைசிக் கொஞ்ச தூரம் சாலையை மூடி ராத்திரியில் மெதுவாக நகரும் ராட்சத வண்டியில் வைத்து, சுமார் 5,000 கிலோமீட்டர் கொண்டுவந்து சேர்த்தார்கள். புதிதாகச் செய்வதைவிட இது பத்தில் ஒரு பங்குச் செலவாம்.

அந்த வளையத்துக்குள் ஒளியின் வேகத்தில் 99.94 சதவீதத்தில் மியூவான்கள் ஓடும். அந்த வேகத்தில் நம் கடிகாரத்துக்கு அவற்றின் ஆயுள் 64 மைக்ரோ வினாடியாக நீளுகிறது; ஒரு சுற்றுக்கு 149 நானோ வினாடி. ஜி சரியாக 2 ஆக இருந்திருந்தால் மியூவானின் காந்த முனை எப்போதும் அது ஓடும் திசையையே பார்த்துக்கொண்டிருக்கும். 2-க்கு மேல் கொஞ்சம் இருப்பதால் முனை மெல்ல மெல்ல முந்துகிறது. வளையத்தைச் சுமார் 29 தடவை சுற்றுவதற்குள் ஒரு முழு வட்டம் முந்திவிடும். மியூவான் சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் (எலெக்ட்ரானின் நேர்மின் இணை; இங்கே ஓட்டுவது நேர்மின் மியூவான்களை), ஆற்றல் அதிகமுள்ளதாக இருந்தால், பெரும்பாலும் முனை காட்டும் திசையில்தான் பறக்கும். வளையத்தின் உள்விளிம்பில் 24 உணரிகள் வரிசையாக நின்று இந்தப் பாசிட்ரான்களை எண்ணுகின்றன. எண்ணிக்கை 4.37 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கிக்கொண்டே குறைந்துபோகும். அந்த ஏற்ற இறக்கத்தின் தாளத்தையும் காந்தப்புலத்தின் அளவையும் வகுத்தால் எண் கையில். காந்தப்புலத்தை அளக்க, மூன்று நாளுக்கு ஒரு தரம் போல, 17 உணரிகள் பொருத்திய ஒரு சிறு வண்டியை மியூவான் ஓடும் அதே வெற்றிடப் பாதையில் இழுத்துச் சுற்றி வருவார்கள். எளிமையான யோசனை, செய்வதுதான் கொடுமை.

பொய் சொன்னார்களா என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கு இந்த ஒரு விவரம் முக்கியம். தாளத்தை அளக்கும் கடிகாரம் உண்மையில் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது ஆய்வு செய்பவர்களுக்கே தெரியாது. குழுவில் இல்லாத இரண்டு பேர் அதைச் சற்றே மாற்றி வைத்துவிட்டு, எவ்வளவு மாற்றினோம் என்பதை எழுதி உறையில் போட்டு மூடிவிடுவார்கள். எல்லாப் பகுப்பாய்வும் முடிந்து, இனி எதையும் திருத்த மாட்டோம் என்று குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் உறையைப் பிரிப்பார்கள். 2021 பிப்ரவரியில், கொரோனா காலமாதலால் வீடியோ கூட்டத்தில், உறையைப் பிரித்து அந்த எண்ணைக் கணக்கில் போட்டபோதுதான் தங்கள் விடை புரூக்ஹேவன் விடையுடன் ஒத்துப்போகிறதா என்பதே அவர்களுக்குத் தெரிந்தது. ஒத்துப்போயிற்று. விடையைத் தங்களுக்குப் பிடித்த பக்கம் தள்ளிவைக்க அங்கே இடமே இல்லை. ஆகவே அளவீட்டுப் பக்கம் சந்தேகப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இப்போது கோட்பாட்டுப் பக்கம். மின்காந்த விசையால் வரும் பங்கைக் கணக்கிடுவது கடும் உழைப்பு, ஆனால் வழி தெரிந்த உழைப்பு. இயற்பியலாளர் கினோஷிதாவும் அவர் குழுவும் இதற்காகப் போட்ட வரைபடங்களில் ஒரு கட்டத்துக்கு மட்டும் 12,672 ஃபைன்மன் படங்கள். அந்தப் பங்கின் பிழை, நான் மேலே சொன்ன கடைசி இலக்க அளவில், ஒன்றில் பத்தில் ஒரு பங்கு. மென்விசையால் (கதிரியக்கச் சிதைவுக்குக் காரணமான விசை) வருவது சுமார் 154, அதன் பிழை ஒன்றே ஒன்று. இவை இரண்டிலும் யாருக்கும் சண்டை இல்லை. தொல்லையெல்லாம் புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளிடம். வெற்றிடத்தில் ஒரு ஒளித்துகள் கணநேரம் குவார்க்கும் எதிர்க்குவார்க்கும் ஆகி மறுபடி ஒளித்துகளாகிவிடுகிறது; அந்தக் கணத்தில் குவார்க்குகளைப் பிணைக்கும் வன்விசை புகுந்து விளையாடுகிறது. குறைந்த ஆற்றலில் வன்விசையைப் பேனா பேப்பரில் கணக்கிட வழியே இல்லை. இந்தப் பங்கின் முக்கியப் பகுதி 2020 கணக்கில் 6931, பிழை 40. மொத்தக் கோட்பாட்டு எண்ணின் பிழையே 43 தான். அதாவது கோட்பாட்டுக்காரர்களின் தயக்கம் கிட்டத்தட்ட முழுதும் இந்த ஒரே இடத்தில் குடியிருந்தது. துறையில் உள்ளவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், செய்தி படித்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பேனா பேப்பரில் முடியாததை எப்படி 6931 என்று சொன்னார்கள்? கெட்டிக்காரத்தனமான ஒரு சுற்றுவழி. எலெக்ட்ரானையும் பாசிட்ரானையும் மோதவிட்டால் ஒளித்துகள் வழியாகக் குவார்க்குகள் பிறந்து, பையான் போன்ற, குவார்க்குகளால் ஆன துகள்களாக வெளிவரும். எந்த ஆற்றலில் எத்தனை வருகிறது என்று அளந்து வைத்துக்கொண்டால், ஒரு கணித உறவின் மூலம் அந்த வெற்றிடப் பங்கை அப்படியே பெற்றுவிடலாம். ஆக 2021-ல் கோட்பாடு என்று சொல்லப்பட்டதே பாதி சோதனைதான்: இத்தாலியில் ஃபிராஸ்காட்டியில் கிளோயி என்ற உணரி, கலிஃபோர்னியாவில் பாபார் என்ற உணரி, ரஷ்யாவில் நோவோசிபிர்ஸ்க் என்று பல இடங்களில் பல வருஷம் எடுத்த தரவுகளைக் கோத்தது. அதில் கிளோயியும் பாபாரும் இரண்டு பையான் வரும் கணக்கில், அதாவது இந்தப் பங்கில் முக்கால் வாசியைத் தரும் இடத்தில், ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போகவில்லை என்பது 2021-க்கு முன்பே பழைய வழக்கு. என்ன செய்வது என்று தெரியாமல் சராசரி எடுத்து, பிழை வரம்பைக் கொஞ்சம் அகலமாக்கி, 2020-ல் 130-க்கும் மேற்பட்டோர் சேர்ந்து எழுதிய வெள்ளை அறிக்கையில் வைத்தார்கள். நேர்மையாகத்தான் செய்தார்கள். அகலமாக்கியது போதவில்லை என்பது பின்னால் தெரிந்தது.

இரண்டாவது வழி லேட்டிஸ். வெளியையும் காலத்தையும் சிறு சிறு கட்டங்களாக வெட்டி, வன்விசைச் சமன்பாட்டை அந்தக் கட்டங்களில் சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டுவது. பிறகு கட்டத்தைச் சின்னதாக்கிக்கொண்டே போய் இயல்பான வெளிக்கு விடை என்னவாகும் என்று காண்பது. மோதல் தரவே வேண்டியதில்லை. முன்பெல்லாம் இதன் பிழை பெரிது என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை. புடாபெஸ்ட், மார்சேய், வுப்பர்ட்டால் ஊர்களின் முதல் எழுத்துகளால் பிஎம்டபிள்யூ என்று தங்களை அழைத்துக்கொள்ளும் குழு (காருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) 0.8 சதவீதத் துல்லியத்தில் 7075 என்று கண்டது. 6931 இருந்த இடத்தில் இதைப் போட்டால் கோட்பாட்டு எண் மேலே ஏறி, அளவீட்டை நெருங்கிவிடும், புதிய விசை எதுவும் தேவைப்படாது. இந்தக் கட்டுரை நேச்சர் இதழில் எந்த நாளில் வந்தது தெரியுமா? 2021 ஏப்ரல் 7. ஃபெர்மிலாப் தன் முதல் முடிவை அறிவித்த அதே நாள். ஐந்தாவது விசை என்று தலைப்புச் செய்தி ஓடிய அன்றே, அப்படி ஒன்றும் இல்லாமல் இருக்கலாம் என்ற கட்டுரையும் உலகத்தின் மிகப் பிரபலமான அறிவியல் இதழில் அச்சாகியிருந்தது. சில நல்ல செய்தியாளர்கள் இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். பெரும்பாலோர் எழுதவில்லை.

சரி, அந்த 4.2 சிக்மா, 40,000-ல் ஒன்று? அதன் பொருள் இதுதான்: கோட்பாட்டு எண்ணும் சரி, இரண்டு பக்கத்துப் பிழை வரம்புகளும் சரி என்று வைத்துக்கொண்டால், 251 அளவுக்கு இடைவெளி தற்செயலாக விழ 40,000-ல் ஒரு வாய்ப்பு. வாக்கியத்தின் முதல் பாதிதான் உயிர்நாடி, செய்தியில் அதை வெட்டிவிட்டார்கள். உள்ளே போட்ட தரவில் யாரும் கவனிக்காத கோளாறு இருந்தால் சிக்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. இதே துறையில் இதற்கு முன்னுதாரணமே உண்டு. 2001 பிப்ரவரியில் புரூக்ஹேவன் 2.6 சிக்மா வித்தியாசம் என்று அறிவித்தது. அந்த வருஷக் கடைசியில் கோட்பாட்டுக் கணக்கின் ஒரு சிறு பகுதியில் கூட்டல் குறி இருக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி இருப்பதை இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள், திருத்தியதும் வித்தியாசம் 1.6-க்கு இறங்கிவிட்டது. ஒரே ஒரு குறி.

காணாமல் போவதிலும் வகை உண்டு. 2015 டிசம்பரில் ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் இரண்டு உணரிகள் 750 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகளின் எடையைச் சொல்லும் அலகு) அருகே ஏதோ துகள் தெரிகிறது என்று காட்டின. நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் பறந்தன. 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் அது கரைந்துவிட்டது. அது உண்மையான தற்செயல், தாயக்கட்டை விழுந்த விதம், யார் மேலும் குற்றமில்லை. 2011-ல் ஓபெரா குழு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ வினாடி முன்னால் வந்துவிட்டன என்றது. அதில் சிக்மா ஆறு, காரணம் சரியாகச் செருகப்படாத ஒரு ஒளியிழை இணைப்பு. மியூவான் இந்த இரண்டிலும் சேராது. இங்கே தற்செயலும் இல்லை, அளவீட்டுக் கருவியில் கோளாறும் இல்லை, ஒப்பிட வைத்துக்கொண்ட அளவுகோல் நகர்ந்தது. என் மாணவர்களிடம் சிக்மா எத்தனை என்று கேட்பதற்கு முன் பிழையில் பெரும்பங்கு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்கச் சொல்வது இதனால்தான். சோதனைத் தரவிலா, பின்புலக் கணக்கிலா, வேறொருவர் இருபது வருஷம் முன்பு எடுத்த தரவிலா?

2021-க்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். பிஎம்டபிள்யூ விடையைப் பலர் முதலில் நம்பவில்லை, அதில் தப்பில்லை, ஒரே குழுவின் கணக்கு. முழுக் கணக்கையும் திரும்பச் செய்ய வருஷங்கள் ஆகும் என்பதால், லேட்டிஸில் நன்றாகக் கணக்கிட முடிகிற ஒரு நடுத் துண்டை மட்டும் எடுத்து எல்லாக் குழுக்களும் தனித்தனியே கணக்கிட்டன. 2022-ல் ஒன்றன்பின் ஒன்றாக விடைகள் வந்தன. லேட்டிஸ் குழுக்கள் தங்களுக்குள் ஒத்துப்போயின, மோதல் தரவிலிருந்து வந்த எண்ணுடன் ஒத்துப்போகவில்லை. சில குழுக்கள் சோதனைக்காரர்களைப் போலவே விடையைத் தங்களுக்கே மறைத்து வைத்துச் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். என் பார்வை மாறத் தொடங்கியது அங்கேதான். அடுத்த அடி 2023 பிப்ரவரியில். நோவோசிபிர்ஸ்க்கில் சிஎம்டி-3 என்ற உணரி இரண்டு பையான் கணக்கைப் புதிதாக அளந்து, இதுவரை எல்லோரும் சொன்னதைவிடத் தெளிவாக அதிகம் என்று அறிவித்தது. அதே நிறுவனத்தின் முந்தைய உணரியான சிஎம்டி-2 சொன்னதோடும் அது ஒத்துப்போகவில்லை! மற்றவர்கள் கூட்டம் போட்டு அவர்களைத் துருவித் துருவிக் கேட்டார்கள், பெரிய குறை ஒன்றும் சிக்கவில்லை. சிஎம்டி-3 எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் மியூவான் புதிர் ஏறக்குறைய மறைந்துவிடும்; கிளோயி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் புதிர் இன்னும் பெரிதாகும். அதே வருஷம் ஆகஸ்டில் ஃபெர்மிலாப் தன் இரண்டாம் முடிவைச் சொன்னபோது பழைய 2020 எண்ணுடன் ஒப்பிட்டால் 5 சிக்மா வந்தது. 5 என்பது கண்டுபிடிப்பு என்று கொண்டாடும் எல்லை. ஆனால் குழுவே கொண்டாடவில்லை, ஏனென்றால் அந்த 2020 எண்ணின் மேல் அதற்குள் யாருக்கும் பழைய நம்பிக்கை இல்லை.

2025 மே 27 அன்று கோட்பாட்டுக்காரர்களின் இரண்டாம் வெள்ளை அறிக்கை வந்தது. அந்த முக்கியப் பகுதிக்கு மோதல் தரவை ஒதுக்கிவிட்டு லேட்டிஸ் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: 7132, பிழை 61. 2020-ல் இருந்த 6931-உடன் ஒப்பிட்டால் 201 கூடியிருக்கிறது. நீங்கள் தேடும் 223-ல் பெரும்பங்கு இதுதான். ஜூன் 3 அன்று ஃபெர்மிலாப்பின் கடைசி முடிவு: நூறு கோடியில் 127 பங்குத் துல்லியம், தொடங்கும்போது வைத்திருந்த இலக்கான 140-ஐவிட மேல். இடைவெளி இப்போது 38, அதன் பிழை 63. அதாவது ஒன்றுமில்லை.

ஆனால் இங்கேயும் செய்தி ஒரு படி தாண்டிவிட்டது. பழைய கோட்பாடு வென்றது, கதை முடிந்தது என்று எழுதினார்கள். கோட்பாட்டு எண்ணின் பிழை 2020-ல் 43, 2025-ல் 62 என்பதைக் கவனியுங்கள். ஐந்து வருஷ உழைப்புக்குப் பிறகு அது பெரிதாகியிருக்கிறது. முன்பு தெரியும் என்று நினைத்த ஒன்று தெரியாது என்று ஒத்துக்கொண்டதன் விலை அது. இப்போதைக்கு அளவீடு கோட்பாட்டைவிட நான்கு மடங்குக்கும் மேல் துல்லியம். சின்னதாக ஒரு புதிய துகளின் கைவரிசை அந்த 62-க்குள் ஒளிந்திருந்தால் இன்று அதைப் பார்க்க வழியில்லை. பெரிதாக ஒன்று, 2021-ல் ஆசைப்பட்ட அளவில், இருப்பதாக நினைக்க ஆதாரம் போய்விட்டது. இந்த இரண்டு வாக்கியமும் ஒரே சமயத்தில் உண்மை.

எது உறுதி, எது இல்லை என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் இப்படிச் சொல்வேன். மியூவானின் எண் அளக்கப்பட்டுவிட்டது. புரூக்ஹேவனும் ஃபெர்மிலாப்பும் ஒத்துப்போகின்றன, இனி அது பெரிதாக நகரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே ஒரு உறுத்தல், இரண்டும் ஒரே வளையத்தில் ஒரே முறையில் செய்தவை. அதனால்தான் ஜப்பானில் ஜே-பார்க் மையத்தில் முற்றிலும் வேறு வழியில், மியூவான்களைக் கிட்டத்தட்ட நிறுத்திக் குளிரவைத்து மறுபடி முடுக்கி, 66 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்னப் பாதையில் ஓட்டி அளக்கும் திட்டத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். லேட்டிஸ் விடை பெரும்பாலும் சரி என்றே நினைக்கிறேன், பல குழுக்கள் வெவ்வேறு உத்திகளில் ஒரே இடத்துக்கு வந்திருப்பதால். ஆனால் கட்டத்தைச் சின்னதாக்கும் கடைசிப் படியில் எல்லோருக்கும் பொதுவான ஏதாவது தப்பு இருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது என்று சத்தியம் செய்யும் இடத்தில் நான் இல்லை. உண்மையிலேயே திறந்து கிடக்கும் கேள்வி மோதல் தரவு. கிளோயி, பாபார், சிஎம்டி-3 மூன்றும் ஒரே இயற்கையை அளந்தன, மூன்றும் ஒரே சமயத்தில் சரியாக இருக்க முடியாது. மோதலுக்கு முன் ஒரு ஒளித்துகள் உதறப்படுவதைக் கணக்கில் கொள்ளும் விதத்தில் சிக்கல் இருக்கலாம் என்று ஒரு தரப்பு சொல்கிறது, வாய்ப்புள்ள விளக்கம்தான், முடிவு இல்லை. புதிய இயற்பியல் மோதல் தரவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று எழுதுகிறவர்களும் உண்டு. எனக்கு அது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலையாகத்தான் படுகிறது.

பொய் சொன்னார்களா என்ற கேள்விக்கு நேரடியாக: இல்லை. ஆனால் 2021 செய்திக்குறிப்பின் தலைப்பிலேயே புதிய இயற்பியலுக்கான சான்று வலுப்படுகிறது என்று போட்டது ஆய்வகம்தான், செய்தியாளர்கள் அதைக் கற்பனையில் இட்டுக்கட்டவில்லை. கட்டுரைக்குள் எல்லா எச்சரிக்கையும் ஒழுங்காக இருந்தது, தலைப்பில் இல்லை. பணம் கேட்டு அரசாங்கத்திடம் நிற்கும் ஒரு துறை தலைப்பில் எச்சரிக்கை போடாது என்பது புரிந்துகொள்ளக்கூடியதே, அதற்காக உங்கள் கோபம் தப்பு என்று சொல்ல மாட்டேன். பணம் வீணாயிற்றா என்றால், அந்த அளவீடு இன்னும் பல வருஷத்துக்கு நிற்கும், கோட்பாட்டுக்காரர்கள் அதை எட்டிப் பிடிக்கத்தான் ஓட வேண்டும். புதிதாக ஒரு துகளை முன்மொழிகிற யாரும் இந்த எண்ணைக் கெடுக்காமல் முன்மொழிய வேண்டும், அது சின்ன விஷயமில்லை. லேட்டிஸ் கணக்கு இந்த நிலைக்கு வளர்ந்ததும் இந்தச் சண்டையால்தான்.

இனி எதைக் கவனிப்பது என்று கேட்டால், செர்னில் மியூவான்-இ என்ற திட்டம் இருக்கிறது, மியூவான்களை எலெக்ட்ரான்கள் மேல் மோதிச் சிதறவைத்து அதே வெற்றிடப் பங்கை மூன்றாவது வழியில் பெறப் பார்க்கிறார்கள். அது லேட்டிஸ் பக்கம் விழுகிறதா, பழைய மோதல் தரவுப் பக்கம் விழுகிறதா என்பதுதான் எனக்கு அடுத்த பெரிய செய்தி. பாபாரும் கிளோயியும் தங்கள் கிடங்கில் இருக்கும் பழைய தரவைப் புது முறையில் மறுபடி பகுப்பாய்வு செய்கிறார்கள், அதுவும் விடையை மறைத்து வைத்துக்கொண்டு. அவை வரும்போது மறுபடி யாராவது சிக்மா எண்ணோடு தலைப்புப் போடுவார்கள். இடைவெளியை எந்தக் கோட்பாட்டு எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறார்கள், 2020 எண்ணா 2025 எண்ணா என்று செய்தியில் தேடிப் பாருங்கள், அது இல்லாவிட்டால் மூலக் கட்டுரையின் சுருக்கத்தில் இரண்டாவது மூன்றாவது வரியிலேயே பெரும்பாலும் இருக்கும்.